பாய்மரப் படகுக்கு கைல வச்சிக்கிற ஜிபிஎஸ்: எதைப் பாத்து வாங்குறது?

அலைவாசி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆளு, இன்னிக்குத்தான் மொத தடவ கேக்குறேன். எங்கிட்ட 22 அடி பாய்மரப் படகு ஒண்ணு இருக்கு, பழசுதான், நானும் மச்சானும் ஓட்டுவோம். கரைய ஒட்டியே போற ஆளுங்க, மிஞ்சிப் போனா 15 நாட்டிகல் மைல், வருசத்துக்கு நாலஞ்சு ராத்திரி நங்கூரம் போட்டு வெளிய தங்குவோம். இதுவரைக்கும் போன்ல மேப் ஆப் வச்சே காலத்த ஓட்டியாச்சு.

போன மாசம் திரும்பி வரப்ப மழ புடிச்சிக்கிச்சு. கரை சுத்தமா தெரியல. போன எடுத்தா ஸ்க்ரீன் மேல தண்ணி, நான் ஒரு பக்கம் தள்ளுனா மேப் வேற பக்கம் போகுது, தொடாமலே பெருசாகுது சின்னதாகுது, சட்டைல தொடைக்கலாம்னு பாத்தா சட்டையே பிழிஞ்சா தண்ணி வர்ற மாதிரி இருக்கு. மச்சான் சுக்கானப் புடிச்சிக்கிட்டு "எந்தப் பக்கம்டா, சொல்லித் தொலடா"ன்னு கத்துறான், நான் உக்காந்து போனத் தொடச்சிட்டு இருக்கேன். நல்லபடியா வந்து சேந்துட்டோம், ஆனா அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் தனியா ஒரு ஜிபிஎஸ் வாங்கிடணும்னு.

இப்ப குழப்பம் என்னன்னா கடல் மேப் உள்ளயே இருக்கற மாடல் வாங்கணுமா இல்ல வெறும் நம்பரும் அம்பும் காட்டுற சாதாரணமானது போதுமா, டச் ஸ்க்ரீனா பட்டனா, ஏஏ பேட்டரியா உள்ளயே சார்ஜ் ஏத்துறதா. வீட்ல மலையேறப் போறப்ப வாங்குன ஈட்ரெக்ஸ் 22எக்ஸ்னு கார்மின் கம்பெனி ஜிபிஎஸ் ஒண்ணு சும்மா கெடக்கு, அத வச்சே ஓட்டிரலாமா? அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க.

உப்புக்காத்து:
உங்க கேள்விக்கு பதில் உங்க கதைலயே இருக்கே ப்ரோ. பட்டன். கண்ண மூடிட்டு பட்டன் வச்சதா வாங்குங்க. நனைஞ்ச கை, கையுறை போட்ட கை, குளுர்ல மரத்துப்போன கை, இந்த மூணுலயும் வேல செய்யறது பட்டன் மட்டும்தான். கடைல நின்னு பாக்குறப்ப டச் ஸ்க்ரீன் அழகா வழுக்கிட்டுப் போகும், படகுல ஒரு அலை தெறிச்சா தெரியும் அதோட லட்சணம்.

ரெண்டாவது, மெதக்கணும். நெறைய பேரு வாட்டர்ப்ரூஃப்னு பாத்துட்டு வாங்கிடுறாங்க, வாட்டர்ப்ரூஃபும் மெதக்கறதும் வேற வேற. ஐபிஎக்ஸ் 7னு போட்டிருந்தா ஒரு மீட்டர் ஆழத் தண்ணில அர மணி நேரம் தாங்கும்னு அர்த்தம், அவ்ளோதான். கை நழுவி 8 மீட்டர் ஆழத்துல போய் உக்காந்துட்டா அதால உங்களுக்கு என்ன புண்ணியம். கார்மின்ல ஜிபிஎஸ்மேப் 78, அதுக்கப்புறம் வந்த 79, அப்புறம் 86 இதெல்லாம் மெதக்கும், கடலுக்குன்னே பண்ணது. ஈட்ரெக்ஸ் மெதக்காது.

பேட்டரி விஷயத்துல நான் ஏஏ கட்சி. 78, 79 ரெண்டும் ரெண்டு ஏஏல ஓடும். 86 உள்ளயே சார்ஜ் ஏத்துற லித்தியம், ஒரு சார்ஜுக்கு ரொம்ப நேரம் நிக்கும், அது உண்மதான், ஆனா நடுக்கடல்ல தீந்துபோனா படகுல சார்ஜ் ஏத்த வழி இருக்கணும். படகு பேட்டரியே படுத்துக்கிச்சுன்னு வைங்க, அப்ப தானே கைல இருக்கறது தேவப்படும்? ஏஏ ன்னா ஒரு டப்பால நாலு போட்டு வச்சிக்கிட்டா முடிஞ்சிது.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, சீசன் முடிஞ்சதும் பேட்டரிய வெளிய எடுத்துடுங்க. எங்கிட்ட இருந்த மொத ஜிபிஎஸ் அப்படித்தான் செத்துச்சு. ஆல்கலைன் செல்ல உள்ளயே வுட்டு ஆறு மாசம் பெட்டில கெடந்துச்சு, தெறந்து பாத்தா ஸ்ப்ரிங் ரெண்டும் பச்சையும் வெள்ளையுமா பூத்து கெடக்கு, நகத்தால சொரண்டுனா ஸ்ப்ரிங்கே பொடிப்பொடியா கைல வருது. கம்பெனி மேல தப்பு இல்ல, என் சோம்பேறித்தனம்.

டெக்குபையன்:
போன இவ்ளோ மட்டம் தட்டாதீங்கப்பா. போன்ல இருக்கற ஜிபிஎஸ்க்கு டவர் தேவையில்ல, நெறைய பேருக்கு இதே தெரியாது. சாட்டிலைட்ல இருந்து நேரா எடுத்துக்கும், மேப்ப மட்டும் கரைலயே டவுன்லோட் பண்ணிக்கணும். நாவியானிக்ஸ் மாதிரி ஆப்ல இருக்கற மேப்ப 79ல இருக்கற சின்ன ஸ்க்ரீன்ல பாத்தா அழுகைதான் வரும். பழைய போன் ஒண்ண வாட்டர்ப்ரூஃப் கவர்ல போட்டு, பவர் பேங்க் ஒண்ணு வச்சிக்கிட்டா போதுமே, எதுக்கு தனியா காசப் போடணும்?

உப்புக்காத்து:
மேப் விஷயத்துல நீ சொல்றது சரி தம்பி, மறுக்கல. நானும் கெளம்பறதுக்கு முன்னாடி ரூட் போடுறது டேப்லட்லதான். ஆனா கவர்க்குள்ள போட்டா டச் இன்னும் மோசம், கவர் மேல தண்ணி நின்னா அதையும் வெரல்னு நெனச்சிக்கும். வெயில்ல வச்சா சூடாகி வெளிச்சத்த தானா கொறச்சிக்கும், அப்புறம் சூடு அதிகம்னு சொல்லி மூடிக்கும். கடல் ஜிபிஎஸ் ஸ்க்ரீன் வெயில் நேரா அடிக்க அடிக்க தெளிவாத் தெரியற வகை, பேக்லைட்ட அணச்சிட்டே ஓட்டலாம், பேட்டரி நிக்கறதுக்கு அதும் ஒரு காரணம். ஆமா, வாங்கறப்ப போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுட்டு ஸ்க்ரீன திருப்பித் திருப்பிப் பாருங்க, சில ஸ்க்ரீன் ஒரு கோணத்துல கருப்பாப் போயிடும். இது யாரும் சொல்ல மாட்டாங்க.

பழையசுக்கான்:
எல்லாரும் மாடல் பேரயே சொல்லிட்டு இருக்கீங்க. தம்பி அலைவாசி, உங்க கைல இருக்கற ஈட்ரெக்ஸே இப்போதைக்கு தாராளம். ரெண்டு ஏஏ, டச் கெடையாது, வேபாயின்ட் (போக வேண்டிய எடத்தோட குறி) போட்டா திசையும் தூரமும் சொல்லும். கரையோரம் 15 மைல் போறவனுக்கு வேற என்ன வேணும்? பேப்பர் சார்ட் (கடல் மேப்) ஒண்ணு வாங்கி அதுல புள்ளி வைக்கப் பழகுங்க. புது ஜிபிஎஸ் அடுத்த வருசம் வாங்கிக்கலாம்.

ஆனா மலைக்கு வச்ச செட்டிங்லயே கடலுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. தூரம் நாட்டிகல் மைல், வேகம் நாட் (மணிக்கு இத்தன நாட்டிகல் மைல்), மேப் டேட்டம், அதாவது இடத்த அளக்கற அடிப்படை, டபிள்யூஜிஎஸ் 84 (இல்ல சார்ட் ஓரத்துல என்ன போட்டிருக்கோ அது). அப்புறம் பொசிஷன் ஃபார்மட், அதாவது இடத்த எண்ணா எழுதற முறை, இதுலதான் பாதி பேரு மாட்டுறது. கடல் சார்ட்ல டிகிரி, நிமிசம், நிமிசத்துக்கு அப்புறம் புள்ளி வச்சு தசமம். மலைக்காரங்களோ போன்காரங்களோ டிகிரி நிமிசம் செகண்ட்ல வச்சிருப்பாங்க, இல்லன்னா வெறும் டிகிரி தசமத்துல.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன் பாருங்க. சார்ட்ல ஒரு பாறையோட இடம் 12°30.50'னு இருக்கு. அதாவது முப்பதர நிமிசம். அத நீங்க 12 டிகிரி 30 நிமிசம் 50 செகண்ட்னு அடிச்சிட்டீங்கன்னா 50 செகண்ட்ங்கறது 0.83 நிமிசம். வித்தியாசம் 0.33 நிமிசம். அட்சரேகைல ஒரு நிமிசம் ஒரு நாட்டிகல் மைல், 1852 மீட்டர். ஆக பாறைய 600 மீட்டருக்கு மேல தள்ளி வச்சிட்டீங்க. மெசின் மேல தப்பே கெடையாது, அது நீங்க அடிச்ச எடத்துக்கு சில மீட்டர் சுத்துல கொண்டு போய் கரெக்டா விட்டுரும், பாறை மேல.

அதே மாதிரி நார்த் ரெஃபரன்ஸ். படகுல இருக்கற காம்பஸ் காட்டுறது காந்த வடக்கு, ஜிபிஎஸ் ட்ரூ வடக்குல (வட துருவம் இருக்கற உண்மையான வடக்கு) இருந்தா ரெண்டும் ஒத்துவராது. கைல இருக்கறத மேக்னடிக்குல வச்சிட்டா அது சொல்ற எண்ண அப்படியே சுக்கான் புடிக்கறவன்கிட்ட கத்திச் சொல்லலாம். மழைல உங்க மச்சான் கேட்டது அந்த ஒரு எண்தான். "சொல்லித் தொலடா"ன்னு கேட்டப்ப "மேற்கால கொஞ்சம் தெற்க"ன்னு சொல்லாம "ரெண்டு நாலு அஞ்சு"ன்னு (245 டிகிரி) சொல்லியிருந்தா அவரு பாட்டுக்கு ஓட்டியிருப்பாரு.

அலைவாசி:
ஐயா இந்த நிமிசம் செகண்ட் கணக்கப் படிச்சதும் உடனே போய் ஈட்ரெக்ஸ எடுத்துப் பாத்தேன், டிகிரி நிமிசம் செகண்ட்லதான் இருந்துச்சு 😅 மாத்திட்டேன். எலக்ட்ரானிக் காம்பஸ் இல்லாத மாடல் இது, அது பெரிய குறையா?

பழையசுக்கான்:
குறையே இல்ல. காம்பஸ் இல்லாத ஜிபிஎஸ் நகந்தாத்தான் திசை காட்டும், நின்ன எடத்துல அம்பு பேய் புடிச்ச மாதிரி சுத்தும், அதப் பாத்து பயந்துடாதீங்க. படகு நகந்ததும் சரியாயிடும். அது காட்டுறது நீங்க உண்மைல எந்தப் பக்கம் போறீங்கங்கறத, மூக்கு எந்தப் பக்கம் பாத்திருக்குங்கறத இல்ல. நீரோட்டமும் காத்தும் பக்கவாட்டுல தள்ளுனா இந்த ரெண்டும் வேற வேறயா இருக்கும். படகு காம்பஸ்ல 090, ஜிபிஎஸ்ல 102ன்னு வந்தா ஏதோ ஒண்ணு உங்கள வலப்பக்கம் தள்ளிட்டு இருக்குன்னு அர்த்தம். இந்த ஒத்த விஷயத்துக்காகவே ஜிபிஎஸ் வாங்கலாம், அந்தக் காலத்துல இத கண்டுபிடிக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

காம்பஸ் உள்ள மாடல் வாங்குனா அத ஸ்பீக்கர் பக்கத்துலயோ கத்தி பக்கத்துலயோ வைக்காதீங்க, பேட்டரி மாத்துனா திரும்ப கேலிபரேட் பண்ணுங்க (திசை சரியாக் காட்ட மறுபடி பழக்கறது).

டெக்குபையன்:
ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனா மேப்பே இல்லாம ஓட்டச் சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு வேபாயின்ட்டுக்கு நடுவுல நேர்கோடு போட்டு அது பாட்டுக்கு "இந்தப் பக்கம் போ"ன்னு சொல்லும், நடுவுல மணல்திட்டு இருந்தா அதுக்குத் தெரியாது. மேப் இருந்தா கண்ணால பாத்துடலாம்ல?

நங்கூரப்பிடி:
மேப் இருந்தா பாத்துடலாம்னு நெனைக்கறதுலயும் ஒரு கண்ணி இருக்கு. 2014 நவம்பர்ல உலகத்தச் சுத்துற வோல்வோ ஓஷன் ரேஸ்ல வெஸ்டாஸ் விண்ட் டீமோட படகு இந்தியப் பெருங்கடல்ல கார்காடோஸ் கராஜோஸ்ங்கற பவளத்திட்டு மேல ராத்திரில போய் நேரா ஏறிடுச்சு. எல்லாம் கை தேர்ந்த ஆளுங்க, படகுல இல்லாத கருவி இல்ல. எலக்ட்ரானிக் சார்ட்ல அந்தத் திட்டு இருந்துச்சு, ஆனா சின்னதாக்கிப் பாத்தா தெரியாது, நல்லா பெருசாக்கினாத்தான் அதோட முழு உருவமும் வரும். யாரும் அந்த இடத்துல பெருசாக்கிப் பாக்கல. நல்லவேள எல்லாரும் உசுரோட தப்பிச்சாங்க.

வெக்டர் சார்ட்டோட (படமா இல்லாம தகவலா சேத்து வச்சு, பெருசாக்கறதப் பொறுத்து வரைஞ்சு காட்டுற எலக்ட்ரானிக் மேப்) குணமே அதான், ஸ்க்ரீன் நெருக்கடி ஆகக் கூடாதுன்னு தூரத்துல இருந்து பாக்கறப்ப சின்னச் சின்ன விவரத்த மறச்சிடும். ரேஸ் படகுல பெரிய ஸ்க்ரீன்லயே இந்தக் கதின்னா உள்ளங்கை ஸ்க்ரீன யோசிங்க. அதனால டெக்குபையன் சொல்ற மாதிரி மேப் உள்ளது வாங்குங்க (79எஸ்சி ல கரையோர சார்ட் ஏத்தியே வரும்), ஆனா போற ரூட்ட முழுக்க வீட்ல உக்காந்து பெருசாக்கி ஒரு தடவ தடவிப் பாத்துட்டுக் கெளம்புங்க. அத பேப்பர்லயே பண்ணுனாலும் சரி. கைல இருக்கறது வழில சரிபாக்க மட்டும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது நங்கூர அலாரம். நீங்க ராத்திரி தங்குறீங்கன்னு சொன்னதால. இத வச்சிட்டுத்தான் நான் தூங்குறேன், ஆனா பாதி பேரு தப்பா வைக்கறாங்க. நங்கூரம் போட்டு, படகு பின்னாடி போயி கயிறு இழுத்து நின்னப்புறம் ஆற அமர அலாரம் வைப்பாங்க, அப்ப வட்டத்தோட மையம் படகா ஆயிடும். ராத்திரி காத்து திரும்புனா படகு நங்கூரத்தச் சுத்தி அந்தப் பக்கம் போகும், ஒண்ணுமே ஆகாம அலாரம் கத்தும், ரெண்டு தடவ கத்துனா மூணாவது தடவ அணச்சிட்டுத் தூங்கிடுவீங்க. நங்கூரம் தரையத் தொடற அந்த நேரத்துல முன்பக்கம் நின்னு மார்க் அடிக்கணும். கைல தூக்கிட்டுப் போறதுல இருக்கற பெரிய சௌகரியமே இதான். அப்புறம் 5 மீட்டர் ஆழத்துல 25 மீட்டர் கயிறு விட்டா நங்கூரத்துல இருந்து படகு முன்பக்கம் கிட்டத்தட்ட 24, 25 மீட்டர், நீங்க படுத்திருக்கற பின்பக்கம் இன்னும் ஒரு 7 மீட்டர், ஜிபிஎஸ் ஆட்டம் ஒரு 5 மீட்டர். 40 மீட்டர்னு வைங்க. சுத்திவர அவ்ளோ எடம் பாறையில்லாம இருக்கான்னும் பாத்துக்கோங்க.

ஒரு எச்சரிக்க, கைல வச்சிக்கிற ஜிபிஎஸ்ல பீப் சத்தம் கொசு கத்துற அளவுதான். வாங்கறதுக்கு முன்னாடி அலாரத்த ஓட விட்டுக் கேளுங்க. என்னோடத நான் ஒரு காலி சில்வர் டம்ளருக்குள்ள நட்டமா வச்சிட்டு தூங்குவேன், சத்தம் நல்லா தூக்கிக் கொடுக்கும். டம்ளர மேல தெறந்த எடத்துல வைக்கணும், இல்லன்னா சிக்னல் போயிடும், இத ஒரு ராத்திரி கத்துக்கிட்டேன் 😂

பழையசுக்கான்:
சிக்னல் போறதுன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. 1995ல ராயல் மெஜஸ்டின்னு ஒரு பயணிகள் கப்பல் பெர்முடால இருந்து பாஸ்டன் போச்சு. கெளம்பி ஒரு மணி நேரத்துக்குள்ள ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிள் கழண்டுக்கிச்சு. மெசின் நிக்கல, கப்பலோட காம்பஸ் காட்டுற திசையையும் வேகமானி காட்டுற வேகத்தையும் வச்சு தானாவே கணக்குப் போட்டு இடம் சொல்லிட்டே இருந்துச்சு. ஸ்க்ரீன் ஓரத்துல பொடி எழுத்துல அத எழுதியும் காட்டுச்சு, யாரும் கவனிக்கல. 34 மணி நேரம் கழிச்சு நான்டக்கெட் பக்கம் மணல்ல ஏறி நிக்கறப்ப 17 மைல் வெலகிப் போயிருந்தாங்க. உங்க குட்டி மெசின்லயும் சாட்டிலைட் பக்கம்னு ஒண்ணு இருக்கும், மணிக்கு ஒரு தடவ அதத் தெறந்து பாருங்க. கண்ணுக்கு எட்டுற ஒரு மிதவையோ விளக்கோ வந்தா அதோட சரிபாருங்க.

நீலத்தண்ணி:
யாருமே இத சொல்லலையே. ஜிபிஎஸ் உங்க இடத்த உங்களுக்குச் சொல்லும், வேற யாருக்கும் சொல்லாது. எங்கூட வந்த ஒருத்தரு "அதான் ஜிபிஎஸ் இருக்கே, தேடி வந்துருவாங்க"ன்னு நெனச்சிட்டு இருந்தாரு, சத்தியமா! உங்ககிட்ட விஎச்எஃப் ரேடியோ (மத்த படகோடயும் கரையோடயும் பேசற கடல் ரேடியோ) இல்லன்னா, மொத காசு அதுக்குத்தான். ஸ்டாண்டர்ட் ஹொரைசன் எச்எக்ஸ் 890, ஐகாம் எம்94டி மாதிரி கைல வச்சிக்கிற ரேடியோலயே ஜிபிஎஸ் உள்ள இருக்கு, ரெண்டும் மெதக்கும், டிஎஸ்சி (ஒரு பட்டன்ல டிஜிட்டலா ஆபத்துச் செய்தி அனுப்புறது) வசதி உண்டு. மூடி போட்ட சிவப்பு பட்டன அமுக்கிப் புடிச்சா சேனல் 70ல உங்க இடத்தோட ஆபத்துச் செய்தி போகும், அதுக்கு எம்எம்எஸ்ஐ நம்பர் (உங்க படகு ரேடியோவோட அடையாள எண்) வாங்கி அதுல ஏத்தி வச்சிருக்கணும். ஏத்தாம அப்படியே வச்சிருக்கவங்க எத்தனையோ பேரு. திசை காட்டுறதுக்கு அதுல இருக்கற ஜிபிஎஸ் சுமார்தான், ஆனா வேபாயின்ட் எல்லாம் போடலாம்.

அப்புறம் எந்த மாடல் வாங்குனாலும் ஆளு தண்ணில விழுந்தா அமுக்கற எம்ஓபி பட்டன் எங்க இருக்குன்னு மச்சானுக்கும் காட்டி வைங்க. விழுறது நீங்களா இருந்தா அமுக்க வேண்டியது அவருதானே.

அலைவாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கவே இல்ல. நேத்து ஈட்ரெக்ஸ பக்கெட் தண்ணில போட்டுப் பாத்தேன், உப்புக்காத்து ப்ரோ சொன்ன மாதிரி கல்லு மாதிரி நேரா அடில போய் உக்காந்துச்சு. எடுத்துத் தொடச்சு கயிறு கட்டி, சாவிக்கொத்துல மாட்டுற ரப்பர் மிதவை ஒண்ணு மாட்டுனேன், முங்கிச்சு. ரெண்டு மிதவை மாட்டுனதும் தலைய மட்டும் தூக்கிட்டு நிக்குது. பாக்க கேவலமாத்தான் இருக்கு.

முடிவு என்னன்னா இந்த சீசன் ஈட்ரெக்ஸ், கூட பேப்பர் சார்ட். காசு மொதல்ல ரேடியோவுக்கு, ஏன்னா எங்ககிட்ட இருக்கற பழசுல டிஎஸ்சி கெடையாது. அடுத்த வருசம் 79 பாத்துக்கலாம். மச்சான் ஞாயித்துக்கெழம சும்மா ஓட்டுறப்ப போன உள்ள வச்சிட்டு நான் எண்ணச் சொல்லச் சொல்ல ஓட்டுனான், மூணு மைல்ல மிதவைக்கு நேரா கொண்டு வந்துட்டான். ஒரே குறை, காத்துக்கு எதிர்த்து மாறி மாறி பாய் திருப்பிப் போறப்ப போய்ச் சேர்ற நேரம் ஒரு தடவ 40 நிமிசம், அடுத்த தடவ மூணு மணி நேரம்னு காட்டுது. பழுதா?

உப்புக்காத்து:
பழுது இல்ல ப்ரோ, நீங்க அந்த நிமிசத்துல வேபாயின்ட் பக்கமா எவ்ளோ வேகத்துல நெருங்குறீங்களோ அத வச்சு கணக்கு போடுது. ஒரு பக்கம் திரும்புனா நெருங்குவீங்க, இன்னொரு பக்கம் திரும்புனா அவ்ளோவா நெருங்க மாட்டீங்க. எதிர்காத்துல அந்தக் கட்டத்தையே ஸ்க்ரீன்ல இருந்து தூக்கிட்டு அங்க ஆழமோ நேரமோ வேற எதையாச்சும் போடுங்க.

டெக்குபையன்:
ஈட்ரெக்ஸ்ல ஆழம் எங்க இருந்துண்ணே வரும் 😂

உப்புக்காத்து:
சரி சரி, நேரத்தப் போடுங்க.

அலைவாசி:
😂 கடைசியா ஒண்ணு. செட்டிங்ல பேட்டரி வகைன்னு இருக்கு, ஆல்கலைன், லித்தியம், ரீசார்ஜபிள்னு. நான் ரீசார்ஜபிள் ஏஏ போடுறேன், கட்டாயம் மாத்தணுமா?

உப்புக்காத்து:
மாத்துங்க. ரீசார்ஜபிள் செல் 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5. மாத்தாம வச்சா பேட்டரி நல்லா இருக்கறப்பவே தீரப்போகுதுன்னு காட்டும். லித்தியம் போட்டா அதுக்கு நேரெதிர், கடைசி வரைக்கும் முழுசா இருக்குன்னு காட்டிட்டு பொசுக்குன்னு அணஞ்சிடும்.